மைலேஜ் ஏற்றித் தருகிறேன் என்று 6,800 ரூபாயைக் கறந்துவிட்டார்கள், ஈரோடு பக்கம் கார் வைத்திருப்பவர்கள் படிங்க

நேற்று சாயங்காலம்தான் விஷயம் தெரிந்தது, இன்னும் வயிறு எரிகிறது. எதையெல்லாம் பார்க்கணும் என்று கடைசியில் சொல்கிறேன், முதலில் கதையைக் கேளுங்க.

காங்கயத்திலிருந்து சென்னிமலை வழியாக ஈரோட்டுக்கு தினமும் போய் வருகிறேன். பெட்ரோல் வண்டி, லிட்டருக்கு 17 கொடுத்துக்கொண்டிருந்தது ரெண்டு மாதத்தில் 13-க்கு இறங்கிவிட்டது. ஊருக்கு வெளியே எல்லா கம்பெனி வண்டியும் பார்க்கிற ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். "எந்த ஊருங்ணா? அட, நமக்கும் சென்னிமலைதானுங்க" என்றார். அங்கேயே விழுந்துவிட்டேன். சைலன்சர் வாயில் வெள்ளைத் துணியைப் பிடித்து ஆக்சிலேட்டரை அழுத்தினார், துணி பூராவும் கறுப்புத் தண்ணீர். "எஞ்சின் பூரா கார்பனுங்ணா, மெஷின் போட்டு எடுத்துட்டா நாலு கிலோமீட்டர் கூடும்." (காலையில் ஸ்டார்ட் செய்த எந்தப் பெட்ரோல் வண்டியிலும் அந்தத் தண்ணீர் சொட்டும் என்று இப்போது தெரிகிறது.)

அரை மணி நேரம் ஏதோ குழாயை மாட்டி எஞ்சினை ஓடவிட்டார்கள். அப்புறம் மீட்டரில் ஆவரேஜை ரீசெட் செய்து, ஏசியை அணைத்து, நாலு வழிச்சாலையில் 60-லேயே பிடித்து பத்து கிலோமீட்டர் ஓட்டிக் காட்டினார். 20.8 என்று வந்தது. நானும் வாயெல்லாம் பல்லாக 6,800 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். சிக்னல் இல்லை, டிராஃபிக் இல்லை, ரீசெட் பண்ணி அப்படி ஓட்டினால் எந்த வண்டிதான் காட்டாது?

அடுத்த டேங்கும் 13தான். போன் செய்தால், "ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்க, செட் ஆயிடும்." ஓட்டினேன். "ஏசி போடறீங்களா?" சித்திரை வெயிலில் போடாமல்? அப்புறம், "இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலக்கறாங்கல்லங்ணா." எத்தனாலில் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, சரி. 20 சதவீதம் கலந்தால் ஆறேழு சதவீதம் அடிபடும், 17 என்பது 16 ஆகும். 13 எப்படி ஆகும்? இதைக் கேட்டதிலிருந்து போனை எடுப்பதில்லை.

நேற்று எங்க ஊர் மெக்கானிக் மாமா, வண்டியை நிறுத்தினதும் நாலு வீலையும் தொட்டுப் பார்த்தார். முன்பக்கம் இடது வீலில் வைத்த கையை வெடுக்கென்று எடுத்தார். ஜாக்கி போட்டுச் சுற்றினால் கால் சுற்றுகூட வரவில்லை. காலிப்பர் (பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்துகிற பாகம்) நகர்கிற கம்பி துருப்பிடித்து, பிரேக் பேட் டிஸ்க்கைக் கவ்வியபடியே இருந்திருக்கிறது. ரெண்டு மாதமாக பிரேக்கை மிதித்துக்கொண்டே ஓட்டின மாதிரி. பேட் மாற்றி, கிரீஸ் வைத்து, எல்லாம் சேர்த்து 1,900. இன்று நியூட்ரலில் விட்டால் வண்டி தன்னால் உருள்கிறது.

சரி, சொல்கிறேன் என்றேனே: மீட்டரை நம்பாதீங்க, டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்குப் போடுங்க. டயரில் காற்றைப் பாருங்க. ஓட்டி நிறுத்தினதும் வீல் பக்கம் கையைக் கொண்டுபோய்ப் பாருங்க, ஒன்று மட்டும் கொதித்தால் பெரும்பாலும் பிரேக்தான். பில் வாங்குங்க. என்னிடம் இருப்பது "சர்வீஸ் 6,800" என்று பேனாவில் கிறுக்கிய துண்டுச் சீட்டு, கடைப் பேர்கூட இல்லை. நாளைக்கு நேரில் போகிறேன்.