எல்கர் நடத்திய எல்கர்: ஒலிப்பதிவுகளோடு ஒரு நீண்டகால அனுபவப் பகிர்வு

ஆங்கிலேய இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கரின் பெயரை அறிந்தவர்களில் பெரும்பாலோர் அவரை இரண்டு மெட்டுகளால் மட்டுமே அறிந்திருப்பார்கள். ஒன்று, அமெரிக்காவில் பட்டமளிப்பு ஊர்வலங்களில் வாசிக்கப்படும் ‘பாம்ப் அண்ட் சர்க்கம்ஸ்டன்ஸ்’ முதல் அணிவகுப்பின் நடுப்பகுதி. மற்றொன்று, போரில் மாண்டவர்களுக்காக ஒவ்வொரு நவம்பரிலும் லண்டனில் நடக்கும் நினைவஞ்சலியில் ஒலிக்கும் ‘நிம்ராட்’. இவற்றோடு நின்றுவிடுபவருக்கு அவர் பேரரசின் சடங்குகளுக்கு இசை எழுதிக் கொடுத்தவராகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் பல ஆண்டுகளாக அவருடைய படைப்புகளை ஒலிப்பதிவுகளின் வழியாகவே, ஒரே படைப்பை இசைக்குழுவை வழிநடத்தும் பல நடத்துநர்களின் கையில் மாற்றி மாற்றிக் கேட்டுவந்ததில், எனக்குப் பழக்கமான எல்கர் வேறு ஆள்: நிலைகொள்ளாதவர், அவசரக்காரர், ஒரு பெருமிதமான மெட்டைத் தொடங்கி அது முடிவதற்குள் அதைச் சந்தேகிப்பவர். அந்த எல்கரை எனக்கு அறிமுகம் செய்தவை பெரும்பாலும் அவரே நடத்திப் பதிவுசெய்த பழைய தட்டுகள்தாம்.

தம் படைப்புகளை இவ்வளவு விரிவாகத் தாமே ஒலிப்பதிவு செய்த முதல் பெரிய இசையமைப்பாளர் அவர். 1857ஆம் ஆண்டு வூஸ்டர் நகருக்கு அருகே பிறந்து, பியானோவுக்கு ஸ்ருதி கூட்டுபவரும் இசைக்கடைக்காரருமான தந்தையின் கடையில் இருந்த நூல்களையும் இசைப்பிரதிகளையும் படித்தே பெருமளவு தாமாகக் கற்றுக்கொண்ட அவருக்குப் புதிய கருவிகள்மேல் இயல்பான ஆர்வம் இருந்தது. 1914 ஜனவரியில் ‘கரிசிமா’ என்ற சிறு துண்டோடு அவருடைய பதிவுப் பணி தொடங்குகிறது. அப்போது ஒலிவாங்கி கிடையாது. ஒரு பெரிய கூம்பின் முன்னால் குறைந்த எண்ணிக்கையிலான கலைஞர்கள் நெருக்கியடித்து அமர்ந்து வாசிக்க வேண்டும். 1916இல் மேரி ஹால் வாசித்த வயலின் கான்செர்ட்டோ (தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) வெறும் நான்கு தட்டுப்பக்கங்களுக்குச் சுருக்கப்பட்டது. அதில் தனி வயலின் முன்னிற்கும் பகுதியில் இசைக்குழுவின் தந்தி வாத்தியங்கள் தந்திகளை மெல்லத் தட்டி எழுப்பும் முணுமுணுப்பைக் கூம்பு பிடிக்காது என்பதால் அந்த இடத்துக்கென்றே எல்கர் யாழ் போன்ற ஹார்ப் கருவிக்கு ஒரு பகுதியை எழுதிச் சேர்த்தார். அந்தக் கூம்புக் காலத்துப் பதிவுகளை ஆர்வத்துக்காகக் கேட்கலாம். திரும்பத் திரும்பக் கேட்க முடியாது. ஒலிவாங்கி வந்தபின் 1926 முதல் 1933 வரை அவர் செய்த பதிவுகள் முற்றிலும் வேறு தரம். 1990களில் இஎம்ஐ நிறுவனம் இவற்றை ‘எல்கர் எடிஷன்’ என்ற பெயரில் ஒன்பது குறுந்தட்டுகளாக வெளியிட்டது. என் கேட்டலுக்கு அந்தத் தொகுப்பே அடித்தளம்.

அவர் வாசிப்பில் முதலில் உறைப்பது காலப்பிரமாணம். 1899இல் நடத்துநர் ஹான்ஸ் ரிக்டர் லண்டனில் அரங்கேற்றிய ‘எனிக்மா வேரியேஷன்ஸ்’ ஒரு கருப்பொருளையும் அதன்மேல் பதினான்கு வேறுபாடுகளையும் கொண்டது; பெரும்பாலானவை அவர் வட்டத்தில் இருந்த ஒருவரின் சித்திரம், கடைசியானது அவருடையதே. ஒன்பதாவதான ‘நிம்ராட்’, நோவெல்லோ பதிப்பகத்தில் பணியாற்றிய நண்பர் யேகரைப் பற்றியது. 1926இல் எல்கர் நடத்தியபோது அது மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. லெனர்ட் பெர்ன்ஸ்டீன் 1982இல் பிபிசி சிம்பொனி இசைக்குழுவோடு பதிவுசெய்ததில் அதே பகுதி ஐந்து நிமிடத்தைத் தாண்டுகிறது. பெர்ன்ஸ்டீனுடையதைக் கேட்கும்போது ஒரு தேசமே துக்கம் காப்பது போன்ற கனம் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் எல்கரின் வேகத்தில் அது இரு நண்பர்களுக்கு இடையே நடந்த பேச்சாகிவிடுகிறது. வாக்கியங்கள் மூச்சுக்குள் அடங்குகின்றன, உச்சம் வந்ததும் உடனே கரைகிறது. பழைய தட்டுப்பக்கத்தில் சுமார் நான்கரை நிமிடமே கொள்ளும் என்பதால் அவசரப்பட்டிருப்பார் என்று சிலர் வாதிடுவதுண்டு. அச்சிட்ட இசைப்பிரதியில் நிமிடத்துக்கு 52 துடிப்பு என்று அவரே குறித்திருக்கிறார், அந்தக் கணக்கில் வாசித்தால் மூன்று நிமிடம் தேவைப்படாது என்பதை வைத்துப் பார்த்தால் அந்த வாதம் எனக்கு நிற்பதாகத் தெரியவில்லை. சடங்குக்கான நிம்ராட் பிற்காலம் செய்துகொண்டது.

அடுத்தது வயலின்களின் ஜாரு. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழைந்து வழுக்கிச் செல்வது அக்கால ஆங்கிலேய வாத்தியக்காரர்களின் இயல்பான வழக்கம். பிற்காலத்தில் அது ரசனைக்குறைவாகக் கருதப்பட்டு ஒழிக்கப்பட்டது. கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த இழைவு சிறிதும் உறுத்துவதில்லை. அது இல்லாத நவீனப் பதிவுகள்தாம் சில இடங்களில் எலும்பாகத் தெரிகின்றன.

பழைய பதிவுகளை வாங்க நினைப்பவர், பழைய தட்டிலிருந்து புதிய வடிவுக்கு மாற்றியெடுத்த மாற்றுப்பிரதியின் தரத்தைக் கவனிக்க வேண்டும். ஒரே தட்டிலிருந்து பல நிறுவனங்கள் மாற்றுப்பிரதி எடுத்திருக்கின்றன. இரைச்சலை முழுதும் துடைத்தெடுத்த பிரதிகளில் வயலினின் மேல்ஸ்தாயி ஒளியும் சேர்ந்தே போய்விடுகிறது. சரசரப்பு சிறிது மிச்சமிருக்கும் பிரதியே நீண்ட நேரக் கேட்டலுக்கு ஏற்றது, சில நிமிடங்களில் காது அதை விலக்கிக்கொள்ளும். காதில் மாட்டும் ஹெட்போனைவிட ஒலிபெருக்கி இவற்றுக்குப் பொருத்தம். செயலிகளில் கேட்பவர்களுக்கு வேறொரு தொல்லை: நான் பயன்படுத்திய ஒரு செயலி ஒவ்வொரு பகுதிக்கும் இடையே ஒரு நொடி மௌனத்தைச் செருகியது. முதல் சிம்பொனியில் (பல பகுதிகள் கொண்ட நீண்ட இசைக்குழுப் படைப்பு) இரண்டாம் பகுதியும் மூன்றாம் பகுதியும் ஒரே சுரத்தின் நீட்சியால் இணைக்கப்பட்டவை. அந்த ஒரு நொடி அங்கே முழு வடிவத்தையும் கெடுத்துவிடும். தேடலிலும் நடத்துநர் பெயர், ஆண்டு ஆகியவை சரியாக வராததால், எந்தப் பதிவு என்று உறுதிசெய்துகொள்வதிலேயே நேரம் போகும்.

அந்த முதல் சிம்பொனியே எல்கருக்குள் நுழைய மிகச் சிறந்த வாசல் என்பது என் கருத்து. 1908 டிசம்பரில் மான்செஸ்டரில் ரிக்டர் அரங்கேற்றிய பின், ஓராண்டுக்குச் சற்று கூடுதலான காலத்தில் ஏறத்தாழ நூறு முறை பல நாடுகளில் வாசிக்கப்பட்டது. முதலில் வரும் நெடிய மெட்டைத்தான் எல்லோரும் பேசுவார்கள். என்னைப் பிடித்து வைத்திருப்பது வேறு: இரண்டாம் பகுதியில் வயலின்கள் படபடவென்று ஓடவிடும் சுரவரிசையும், அடுத்து வரும் மந்தகதிப் பகுதியின் ஆழ்ந்த மெட்டும் ஒரே சுரங்கள், ஒரே வரிசை. பலமுறை கேட்டும் காது இதை எளிதில் கண்டுபிடிக்காது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இசைப்பிரதியைக் கண்முன் வைத்துக்கொண்டால் உடனே தெரியும், தெரிந்தபின் கேட்காமலிருக்க முடியாது. இதே சிம்பொனியில் எல்கர் சில இடங்களைத் தந்தி வாத்தியக்காரர்களில் கடைசி வரிசையில் இருப்பவர்கள் மட்டும் வாசிக்க வேண்டும் என்று குறிக்கிறார். ஒலி எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் இருக்க வேண்டும் என்பது நோக்கம். 1930இல் அவர் லண்டன் சிம்பொனி இசைக்குழுவோடு செய்த ஒற்றைத்தடப் பதிவில் இது புலப்படாது. ஸ்டீரியோவில் நடத்துநர் ஏட்ரியன் போல்ட் முதல் வயலின்களை இடப்புறமும் இரண்டாம் வயலின்களை வலப்புறமும் அமர்த்திச் செய்த பதிவுகளில் நன்றாகத் தெரியும். எல்கர் மனத்தில் வைத்து எழுதிய அமர்வு முறையும் அதுவே.

நடத்துநர் ஜார்ஜ் ஷோல்ட்டி 1972இல் இதைப் பதிவுசெய்யுமுன் எல்கரின் தட்டுகளைக் கவனமாகக் கேட்டுத் தயாரானார். ஹங்கேரியில் பிறந்த ஒருவர் ஆங்கிலேய மரபின் நிதானத்தைத் தாண்டி நேரே மூலத்துக்குப் போனது பலனளித்தது. வேகமும் நரம்புத் துடிப்பும் அதில் இருக்கின்றன, சில இடங்களில் பித்தளைக் கருவிகள் மிகையாக முழங்கினாலும். ஜான் பார்பிரோலியின் பதிவு இதற்கு நேர் எதிர். ஒவ்வொரு மெட்டின் முன்னும் நின்று நேசிக்கும் வாசிப்பு. மனம் சோர்ந்திருக்கும் நாளில் அதைத்தான் எடுப்பேன், ஆனால் அதிலிருந்து தொடங்கும்படி யாருக்கும் சொல்லமாட்டேன்.

1911இன் இரண்டாம் சிம்பொனி எளிதில் வசப்படாது. அரங்கேற்றத்திலும் கூட்டம் குளிர்ச்சியாகவே வரவேற்றது. ஒலிவாங்கி கொண்டு செய்த பதிவில் எல்கர் 1927இல் அதை ஏறத்தாழ 48 நிமிடத்தில் முடிக்கிறார். ஜுசெப்பே சினோபோலியின் பதிவு ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும். சினோபோலியிடம் ஒவ்வொரு இழையும் தனித்தனியே கேட்கும், ஆனால் மூன்றாம் பகுதியில் தாளக்கருவிகள் சம்மட்டியாக இறங்கி மற்றெல்லாவற்றையும் மூழ்கடிக்கும் அந்தப் பயங்கரமான இடம், வேகம் இருந்தால்தான் பயங்கரம். போல்ட் இதை வாழ்நாளில் ஐந்து முறை பதிவுசெய்தார். போர்க்காலமான 1944இல் பிபிசி இசைக்குழுவோடு அவர் செய்தது எல்கருடையதற்கு மிக அருகில் நிற்கிறது. நான் அதிகம் திரும்பிப் போவதும் அதற்கே.

வயலின் கான்செர்ட்டோவில் எல்லோரும் வயலின் கலைஞர் மெனுஹினிடமிருந்தே தொடங்குகிறார்கள், நானும் அப்படியே. 1932 ஜூலையில் அபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் பதினாறு வயதுப் பையன் வாசிக்க, எழுபத்தைந்து வயதுக்காரர் நடத்தினார். முன்கூட்டியே ஒத்திகை பார்க்கப் போனபோது சிறிது வாசித்ததுமே எல்கர் திருப்தியடைந்து குதிரைப்பந்தயம் பார்க்கக் கிளம்பிவிட்டதாக மெனுஹின் பிற்காலத்தில் சொல்லிவந்தார். அந்த நம்பிக்கை பதிவில் கேட்கிறது. இளமையின் வெளிப்படைத்தன்மை மந்தகதிப் பகுதியில் அப்படியே நெஞ்சில் இறங்குகிறது. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல ஆல்பர்ட் ஸாமன்ஸ் 1929இல் ஹென்றி வுட்டோடு பதிவுசெய்ததே எனக்கு மேலானதாகப்படுகிறது. ஸாமன்ஸ் எதையும் விளக்குவதில்லை. வேகமாக, கண்ணியமாக, ஒரு முதிர்ந்த மனிதன் தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல வாசிக்கிறார். நவீன ஒலித்தரம் வேண்டுமென்றால் நைஜல் கென்னடி 1984இல் வெர்னன் ஹேண்ட்லியோடு செய்தது போதும்.

வயலினைவிடப் பெரிய தந்தி வாத்தியமான செல்லோவுக்கு எழுதிய கான்செர்ட்டோவைப் பற்றிப் பேசினால் ஜாக்குலின் டு ப்ரே 1965இல் செய்த பதிவைத் தவிர்க்க முடியாது. அப்போது அவருக்கு இருபது வயது. நடத்தியவர் பார்பிரோலி, 1919இல் போதிய ஒத்திகையின்றி அரங்கேறிச் சொதப்பிய முதல் நிகழ்ச்சியில் செல்லோ வரிசையில் அமர்ந்து வாசித்தவர். டு ப்ரேயின் முதல் வில்லிழுப்பே கேட்பவரை எழுந்து உட்காரவைக்கும். குறையென்று நான் சொல்வது ஒன்றே: இந்தப் பதிவு அடிக்கடி கேட்கத் தக்கதன்று. இவ்வளவு திறந்த வேதனையை வாரந்தோறும் கேட்டால் அது வேதனையாக இல்லாமல் பழக்கமாகிவிடும். பியட்ரிஸ் ஹாரிசன் எல்கரோடு 1928இல் செய்ததில் அதே துயரம் அடக்கத்தோடு, சில இடங்களில் குறும்போடுகூட வருகிறது. ஸ்டீவன் இஸர்லிஸின் வாசிப்பும் அந்த வழியிலேயே செல்கிறது. எல்கர் இதை எழுதிய மறு ஆண்டே மனைவி ஆலிஸ் இறந்தார் என்பதை வைத்துக்கொண்டு இந்த இசையை ஒரு மரண ஓலமாக்கிவிடும் வழக்கம் உண்டு. எழுதும்போது ஆலிஸ் உயிரோடுதான் இருந்தார்.

பாடகர்களுக்கும் இசைக்குழுவுக்குமாக எழுதிய ‘ட்ரீம் ஆஃப் ஜெரான்டியஸ்’ கேட்க ஒரு மாலை முழுவதும் ஒதுக்க வேண்டும், பாடல் வரிகளும் கையில் இருக்க வேண்டும். கார்டினல் நியூமனின் கவிதை: இறக்கும் முதியவர் ஒருவரின் ஆன்மா தீர்ப்பை நோக்கிச் செல்லும் பயணம். 1900இல் பர்மிங்ஹாமில் போதிய பயிற்சி இல்லாத பாடகர் குழுவால் அரங்கேற்றம் தோல்வியடைந்தது. பார்பிரோலியின் 1964 பதிவில் தேவதையாக ஜேனட் பேக்கர் பாடும் இறுதி விடைபெறல் ஒன்றுக்காகவே அதை வாங்கலாம். அதில் பாடும் கிம் போர்கின் ஆங்கில உச்சரிப்பு மட்டும் கொஞ்சம் இடறும். பெஞ்சமின் பிரிட்டன் நடத்திய 1971 பதிவு இதைப் பக்தியாக அன்றி நாடகமாகப் பார்க்கிறது. சமய நம்பிக்கை இல்லாதவர்கள் அதிலிருந்து தொடங்கினால் எளிதாக இருக்கும். ஹெடில் நாஷ் பாடிய 1945 பதிவு, ஆண்குரலுக்காக மட்டும், இவ்விரண்டையும் மிஞ்சியது.

நிலைக்காதவையும் உண்டு. டில்லி தர்பாரை ஒட்டி 1912இல் லண்டன் கொலிசியம் அரங்குக்காக எழுதிய ‘கிரவுன் ஆஃப் இந்தியா’ அவற்றில் ஒன்று. இந்தியா என்பது அதில் தாளத்தட்டுகளும் பளபளப்பும் மட்டுமே. ஒருமுறை கேட்டால் போதும். மாறாக தந்தி வாத்தியங்களுக்காக 1905இல் எழுதிய ‘இன்ட்ரொடக்ஷன் அண்ட் அலெக்ரோ’, பார்பிரோலியின் 1962 பதிவில், இன்னும் சிறிதும் அலுக்கவில்லை.

மூன்றாம் சிம்பொனியை எல்கர் முடிக்கவில்லை. விட்டுச்சென்ற குறிப்புகளிலிருந்து இசையமைப்பாளர் ஆன்டனி பெய்ன் உருவாக்கிய வடிவம் 1998இல் அரங்கேறியது. ஆண்ட்ரூ டேவிஸின் பதிவு கிடைக்கிறது. முதல் பகுதியின் தொடக்கத்தை எல்கரே முழுமையாக எழுதி வைத்திருந்தார், அந்தச் சில பக்கங்களின் கடினமான, வெறுமையான ஒலி அவருடைய வேறெதிலும் இல்லாதது. பின்பகுதிகளில் பெய்னின் கை தெரிகிறது, அதை அவரும் மறைக்கவில்லை. இப்போது நான் மிகுதியாகக் கேட்பது 1918–19இல் சசெக்ஸ் காட்டுப்பகுதியில் இருந்த காலத்தில் எல்கர் எழுதிய வயலின் சொனாட்டா (வயலினுக்கும் பியானோவுக்குமான படைப்பு), தந்தி நால்வர் இசை, பியானோ ஐவர் இசை ஆகியவற்றை. ஸ்ட்ராட்டன் குவார்ட்டெட் என்ற நால்வர் குழு 1933இல் செய்த பதிவுகள் அந்த நால்வர் இசைக்கும் ஐவர் இசைக்கும் கிடைக்கின்றன, எல்கர் உயிரோடிருந்தபோதே பதிவானவை. வாத்தியக் குழுவின் பெரும் ஒலிக்குப் பழகியவர்கள் ஐவர் இசையிலிருந்து தொடங்கலாம். நால்வர் இசையின் நடுப்பகுதி அதன்பின் தானே கேட்கத் தூண்டும்.