திட்டு எழுதின காபி மக், 5க்கு 3 ஸ்டார்

நியூயார்க் லோயர் ஈஸ்ட் சைடுல ஒரு சின்ன கடையில 16 டாலர் குடுத்து வாங்கினேன். மக் முழுக்க யிட்டிஷ் திட்டு (கிழக்கு ஐரோப்பா யூதர்கள் பேசின மொழி அது), கீழ பொடி எழுத்துல அர்த்தம். 1880கள்ல ஆரம்பிச்சு 1924 வரைக்கும் கிழக்கு ஐரோப்பாவுல இருந்து 20 லட்சத்துக்கும் மேல யூதர்கள் அமெரிக்கா வந்தாங்கள்ல, அதுல ஏகப்பட்ட பேர் மொதல்ல வந்து எறங்கின ஏரியா இது, அதனால வாங்குற இடம் கரெக்ட் தான்.

மக் நல்ல கனம், டிஷ்வாஷர்ல 10 தடவ போட்டும் எழுத்து அழியல. வில்லங்கம் அந்த அர்த்தத்துல.

'ஷ்மக்'குக்கு 'முட்டாள்'னு மட்டும் போட்டிருக்கான். அய்யா சாமி, யிட்டிஷ்ல அது ஆம்பள சாமானுக்கு கெட்ட வார்த்தை! லென்னி புரூஸ்னு ஒரு காமெடியன் மேடையில இத சொன்னதுக்கு 1962ல லாஸ் ஏஞ்சலஸ்ல போலீஸ் புடிச்சிட்டு போச்சு. இங்கிலீஷுக்கு வந்தப்புறம் காரம் கொறஞ்சிடுச்சு, ஆனா யிட்டிஷ் பேசுற பாட்டி முன்னாடி இத தூக்கிடாதீங்க. பக்கத்துல இருக்கிற 'புட்ஸ்'ஸும் அதே சாமான் தான், 1998 அமெரிக்க செனட் தேர்தல்ல நியூயார்க் செனட்டர் டமாட்டோ தன்னை எதிர்த்து நின்ன ஷூமரை 'புட்ஸ்ஹெட்'னு சொல்லி பெரிய ரகளையாச்சு, கடைசில ஜெயிச்சது ஷூமர்.

'க்ளட்ஸ்', கைல எத குடுத்தாலும் கீழ போடுற ஆளு, மூலம் மரக்கட்டை, அது சரியா போட்டிருக்கு. 'நுட்னிக்' நம்ம 'அறுவை'யே தான். ஆனா 'ஷ்லமீல்', 'ஷ்லிமாசல்' ரெண்டுக்கும் ஒரே அர்த்தம் போட்டானே, அதத்தான் தாங்க முடியல. சூப்பை கொட்டுறவன் ஷ்லமீல், அது யார் மடியில கொட்டுதோ அவன் ஷ்லிமாசல், இது அவங்க ஆளுங்க காலங்காலமா சொல்றது. 'மசல்' ஹீப்ரூவுல இருந்து வந்தது, ராசி நட்சத்திரமா இருந்து அதிர்ஷ்டமா மாறின வார்த்தை, முன்னாடி ஒட்டின 'ஷ்லிம்'னா கெட்ட. அதாவது பாவம், அவன் மேல தப்பே இல்ல, நேரம் சரியில்ல, நாம 'எல்லாம் கிரகம்டா'னு தலையில அடிச்சுக்குவோமே அந்த கேஸு.

அடியில 'ஃபேன்சி ஷ்மேன்சி'ன்னு ஒன்னு, மொதல்ல புரியல, அப்புறம் பாத்தா நம்ம 'கல்யாணம் கில்யாணம்' மாதிரி, 'கி'க்கு பதிலா 'ஷ்ம', நக்கல் மட்டும் அங்க ஜாஸ்தி. இதுக்காகவே ஒரு ஸ்டார் கூட போட்டேன்.

ஒரே தொல்லை, வலது கையில புடிச்சா 'ஷ்மக்' எதிர்ல உக்காந்திருக்கிறவருக்கு நேரா தெரியுது, ஆபீஸ் மீட்டிங்ல இப்போ இடது கையாலதான் காபி குடிக்கிறேன்.