ஆரோக்கிய சஞ்சீவனி: அண்டர்ரைட்டர் (காப்பீட்டு விண்ணப்பங்களைப் பரிசீலித்து முடிவெடுப்பவர்) மேசையிலிருந்து ஒரு மதிப்புரை

2020 ஏப்ரலில் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ கொண்டுவந்த பொதுவான மருத்துவக் காப்பீடு இது. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் விதிகள் ஒன்றே, பிரீமியம்தான் மாறும். முதல் பாலிசிக்கு நல்ல தேர்வு.

கையைக் கடிப்பது அறை வாடகை. காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் நாளுக்கு 5,000 ரூபாய். 2 லட்சம் பாலிசிக்கு 4,000 தான். 8,000 ரூபாய் அறையில் படுத்தால் வாடகை மட்டுமல்ல, டாக்டர் கட்டணம், ஆபரேஷன் கட்டணத்திலும் பாதிதான் காப்பீட்டில் கிடைக்கும். மருந்து, பரிசோதனை, உடலில் பொருத்தும் சாதனங்கள் போன்ற செலவுகளுக்கு இந்த வெட்டு இல்லை. அதற்குமேல் ஒவ்வொரு கிளைமிலும் 5 சதவீதம் நம் பணம். கண்புரைக்கு ஒரு கண்ணுக்கு 40,000 அல்லது தொகையில் 25 சதவீதம், எது குறைவோ அது.

விண்ணப்பத்தில் சர்க்கரை, பிரஷர் கேள்விகளுக்கு ஏஜெண்ட் 'இல்லை' என்று டிக் அடிக்க விடாதீர்கள் (பலர் அடிப்பார்கள்). உண்மையைச் சொன்னால் பெரும்பாலும் கூடுதல் பிரீமியம், காத்திருப்புக் காலம் (அந்த நோய்க்குக் கிளைம் கிடைக்காத ஆரம்ப காலம்), அவ்வளவுதான். மறைத்தால், டிஸ்சார்ஜ் சம்மரியில் 'எட்டு வருடமாகச் சர்க்கரை' என்ற ஒரு வரி போதும், கிளைம் போய்விடும். 60 மாதம் தொடர்ந்து கட்டிய பிறகு, மோசடி என நிரூபித்தால் ஒழிய அந்தக் காரணம் செல்லாது.