பழைய வீட்டை ஒட்டி ஒரு அறை: மொத்த கான்ட்ராக்டா, லேபர் கான்ட்ராக்டா, நாள் கூலியா?

காலி மனையில் புது வீடு கட்டுகிறவருக்குச் சொல்கிற யோசனையைப் பழைய வீட்டை ஒட்டிக் கட்டுகிறவர் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. புது வீட்டில் சதுர அடிக் கணக்கு ஓரளவு உண்மை பேசும். பழைய வீட்டில் பணமும் தகராறும் போய்ச் சேருகிற இடம், புதுசும் பழசும் சந்திக்கிற அந்தச் சில அடி நீளம்தான். யாரிடம் எப்படி வேலையை விடுவது என்பதையும் அந்த இடத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

எங்கள் கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்து வீட்டையே எடுத்துக்கொள்வோம். சுண்ணாம்புக் கலவையில் கட்டிய 14 அங்குலச் சுவர், முன்கட்டில் மெட்ராஸ் ஒட்டு (தேக்கு விட்டத்தின் மேல் கட்டை போட்டு, செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் ஒட்டிய தளம்), பின்கட்டில் ஓடு, அப்புறம் கொல்லை. அப்பா அம்மாவுக்கு வயசாகிவிட்டது, ராத்திரியில் கொல்லைக்கு நடக்க முடியவில்லை, ஆகவே பின்கட்டை ஒட்டி ஒரு அறையும் பாத்ரூமும், சுமார் 250 சதுர அடி. இதைக் கட்ட மூன்று வழி இருக்கிறது.

மொத்த கான்ட்ராக்டில் பொருள், ஆள் எல்லாம் கான்ட்ராக்டருடையது, சதுர அடிக்கு ஒரு ரேட். லேபர் கான்ட்ராக்டில் பொருளை நீங்கள் வாங்கிப் போட வேண்டும், மேஸ்திரி ஆட்களைக் கொண்டுவந்து சதுர அடிக் கூலிக்குச் செய்வார். நாள் கூலி என்றால் கொத்தனார், பெரியாள், சித்தாள் என்று தலைக்கு இவ்வளவு, சனிக்கிழமை சாயந்திரம் கையில் காசு.

மொத்த கான்ட்ராக்டின் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தலைவலி குறைவு, லீவு போட வேண்டாம், எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்கிற மணல்) லோடு வந்ததா என்று காலை ஆறு மணிக்குப் போன் அடிக்க வேண்டாம். ஆனால் 250 சதுர அடி என்பது அவருக்கு மிகச் சின்ன வேலை. பெரிய சைட் ஒன்று கிடைத்ததும் உங்கள் வீட்டு ஆட்கள் அங்கே போய்விடுவார்கள், காங்கிரீட் இறுகும் வரை அதைத் தாங்குகிற சென்ட்ரிங் ஷீட்டும் முட்டும் அடுத்த இடத்துக்குத் தேவை என்பதால் இங்கே சீக்கிரம் பிரிக்கப் பார்ப்பார்கள். ரேட்டில் எது சேரும் எது சேராது என்பது அதைவிடப் பெரிய வழக்கு. சன்ஷேடு, கைப்பிடிச் சுவர், செப்டிக் டேங்க், பழைய சுவரை உடைப்பது, உடைத்த கழிவை அள்ளுவது, இதெல்லாம் "அது தனி சார்" என்று நடுவில்தான் வரும். எழுதி வாங்கிக்கொள்ளலாமே என்றால் வாங்கலாம், ஆனால் பழைய சுவருக்குள் என்ன இருக்கிறது என்று உடைக்கும் வரை அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, தெரியாததை எப்படி எழுதுவது? விவரமான கான்ட்ராக்டர் அந்தப் பயத்துக்கும் சேர்த்து ரேட்டை ஏற்றிச் சொல்வார், விவரமில்லாதவர் குறைத்துச் சொல்லிவிட்டுப் பாதியில் முறைப்பார். ஒரு சின்ன விஷயம்: சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. அதற்கு முன்பு போட்ட எஸ்டிமேட்டை யாராவது தூசி தட்டி நீட்டினால் பேரம் பேசுங்கள்.

மொத்த கான்ட்ராக்டர் கண்டிப்பாகச் சொல்லப்போகும் ஒரு யோசனை இருக்கிறது. "பழைய சுவர் 14 அங்குலம், நல்லா கெட்டியா இருக்கு சார், ஒரு பக்கம் கூரைத் தளத்தை அதுமேலேயே உட்கார வெச்சிடலாம், ஒரு சுவர் மிச்சம்." கேட்க நன்றாக இருக்கும், ஒப்புக்கொள்ளாதீர்கள். பழைய சுவர் மண்ணில் அமர வேண்டியதெல்லாம் அமர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது, புதுக் கடைக்கால் இனிமேல்தான் அமரும். டெல்டா களிமண் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். இரண்டையும் ஒன்றாகக் கட்டிப்போட்டால் சேருமிடத்தில் விரிசல் விடும், அதன் வழியாகத் தண்ணீர் இறங்கும். புது அறை தன் கடைக்காலில், தன் சுவரில் தனியாக நிற்க வேண்டும், நடுவில் ஒரு அங்குல இடைவெளி விட்டு, தெர்மோகோல் மாதிரி அமுங்கக்கூடிய ஒன்றை வைத்து, மேலே தண்ணீர் போகாமல் மூடி போட வேண்டும். ஒரு சுவர் கூடுதல் செலவுதான்.

கடைக்கால் தோண்டுவதிலும் இதே கதை. மொத்த கான்ட்ராக்ட் என்றால் ஜேசிபி வரும், ஒரு மணி நேரத்தில் பழைய சுவரை ஒட்டி முழு நீளத்துக்கும் பள்ளம் எடுத்துவிட்டுப் போய்விடும். பழைய கடைக்காலின் பக்கவாட்டு மண் அத்தனையும் ஒரே நேரத்தில் போய்விட்டால், அன்றைக்கு ராத்திரி ஒரு நல்ல மழை போதும். அந்தப் பக்கத்தில் மூன்று நான்கு அடியாக, ஒன்று விட்டு ஒன்று தோண்டி, கட்டி, மூடிவிட்டு, பிறகு நடுவில் விட்டதை எடுக்க வேண்டும். பழைய கடைக்காலின் அடிமட்டத்துக்குக் கீழே போகவும் கூடாது. சதுர அடிக்கு ரேட் பேசியவருக்கு இந்த நிதானம் நஷ்டம், நாள் கூலிக்காரருக்கு நஷ்டமில்லை. நாள் கூலி இழுத்தடிக்கும் என்று எல்லோரும் குறை சொல்வார்கள். இந்த ஒரு இடத்தில் அந்த மெதுவைத்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்குகிறீர்கள்.

பின்கட்டுச் சுவரில் புதுசாக வாசல் உடைப்பதும் அப்படித்தான். மேலே ஓட்டுக் கூரையின் கட்டைகளுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, சுவரின் பாதிக் கனத்தில் மட்டும் குடைந்து ஒரு லிண்டலை (வாசலுக்கு மேலே சுவரைத் தாங்கும் உத்தரம்) செருகி, அது இறுகிய பிறகு மறுபக்கம் பாதியைக் குடைந்து இன்னொன்று, அதற்குப் பிறகுதான் கீழே உடைக்க வேண்டும். சுண்ணாம்புக் கட்டு என்பதால் டிரில் மெஷினை வைத்து அதிரடியாக இறங்கினால் தேவையில்லாத செங்கலும் சேர்ந்து உதிரும், உளியும் சுத்தியலும் போதும். இதற்கு வயசான கொத்தனார் ஒருவர், கூட ஒரு பெரியாள், அவ்வளவுதான் ஆள். பழைய சுவரில் உடைந்ததைப் பூசும்போது சிமெண்டு வேண்டாம், சுண்ணாம்பே பூசச் சொல்லுங்கள். பழைய சுவர் கீழிருந்து ஓதத்தை உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், சிமெண்டு அதை அடைத்துவிடும், அப்புறம் உப்புப் பூத்துப் பொரிந்து விழும்.

சரி, அப்படியென்றால் எல்லாவற்றையுமே நாள் கூலிக்கு விட்டுவிடலாமா? வேண்டாம். புது அறையின் சுவர், தளம், பூச்சு எல்லாம் தெரிந்த வேலை, அளந்துவிடக்கூடிய வேலை. அதில் நாள் கணக்கு போட்டால் டீக்கும் வெற்றிலைக்கும் நடுவில்தான் சுவர் எழும்பும், நீங்கள் நாள் முழுக்க அங்கேயே நிற்க வேண்டியிருக்கும். இன்னொன்று, நாள் கூலியில் உங்களுக்கும் தொழிலாளிக்கும் நடுவில் யாரும் இல்லை. சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியவர் நீங்கள்தான். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று முதல் நாளே கேட்டு அட்டையைப் பார்த்துவிடுங்கள், விபத்து நடந்தால் வாரியத்தில் உதவித்தொகை உண்டு.

ஆகவே சேருமிடம் நாள் கூலிக்கு, புது அறை லேபர் கான்ட்ராக்டுக்கு என்று பிரித்து விடுவதே நான் சொல்வது. ஒரே மேஸ்திரியிடமே இரண்டு கணக்காகப் பேசலாம், பலர் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்கள், ஏனென்றால் அவர்களுக்கும் பழைய சுவரில் ரேட் பேசப் பயம். பணத்தைக் கடைக்கால், லிண்டல், தளம், பூச்சு என்று படிப்படியாக, முடிந்த வேலைக்கு மட்டும் கொடுங்கள்.

லேபர் கான்ட்ராக்டின் விலை உங்கள் நேரம். பொருள் வாங்குவது, அளப்பது, காவல் காப்பது எல்லாம் உங்கள் தலையில். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி, லாரித் தொட்டியின் நீள அகல உயரத்தை டேப் வைத்து அளங்கள், டிரைவர் சிரித்தாலும் பரவாயில்லை. கம்பி எடை போட்டு வரும்போது, 12 மீட்டர் நீளத்தில் 10 எம்எம் கம்பி ஒன்று சுமார் 7.4 கிலோ, 8 எம்எம் சுமார் 4.7 கிலோ இருக்க வேண்டும். 250 சதுர அடிக்கு 5 அங்குலத் தளம் என்றால் ஏறக்குறைய 104 கன அடி காங்கிரீட், ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவையில் கிட்டத்தட்ட 24 மூட்டை சிமெண்ட். இந்த எண் தெரிந்திருந்தால் "நாற்பது மூட்டை இறக்குங்க" என்று சொல்பவரிடம் ஏன் என்று கேட்கலாம். பொருள் உங்களுடையது என்பதால் மேஸ்திரிக்குச் சிக்கனம் வராது, அதே காரணத்தால் சிமெண்டைக் குறைத்துத் திருடவும் அவசியம் இல்லை. தண்ணீர் ஊற்றுவதை மட்டும் யாரையும் நம்பாமல் வீட்டு ஆளே செய்யுங்கள். பிபிசி சிமெண்ட் (PPC, சாம்பல் கலந்த சிமெண்ட்) என்றால் காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 குறைந்தது 10 நாள் ஈரம் கேட்கிறது, நம் ஊர் வெயிலுக்கு 14 நாள் ஊற்றுவது நல்லது.

அனுமதி விஷயத்தில் மூன்று வழிக்கும் வித்தியாசம் இல்லை. கூடுதல் கட்டுமானத்துக்கும் மாநகராட்சியிலோ ஊராட்சியிலோ அனுமதி வேண்டும், "அதெல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்று கான்ட்ராக்டர் சொன்னாலும் நோட்டீஸ் வந்தால் அது வீட்டுக்காரர் பேருக்குத்தான் வரும்.

சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்துகொண்டு ஊர் வீட்டில் கட்டுகிறவருக்கு இந்த லேபர் கான்ட்ராக்ட் யோசனை சரிப்படாது. அவர்கள் மொத்த கான்ட்ராக்டுக்கே போகட்டும், மூன்று விஷயத்தை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொண்டு: புது அறைக்கு நான்கு பக்கமும் சொந்தச் சுவர், பழைய சுவரை ஒட்டி ஜேசிபி கிடையாது, உடைப்பு வேலைக்குத் தனியாக நாள் கூலி. புது அறையின் தரை மட்டத்தையும் அதிலேயே சேர்த்து எழுதச் சொல்லுங்கள். தெரு உயர்ந்துவிட்டது என்று கான்ட்ராக்டர் இரண்டடி ஏற்றிக் கட்டிவிட்டால், நடக்க முடியாத அம்மா புது பாத்ரூமுக்குப் படியேறித்தான் போக வேண்டியிருக்கும்.