சாய்ந்த தலையா, நேர்த்தலையா? கையால் செய்யும் எலக்ட்ரிக் கிட்டாருக்கு ஓர் ஒப்பீடு

செங்கோட்டை மரவாடியில் பலகை வாங்கி எலக்ட்ரிக் கிட்டார் செய்ய முனைபவர், உடலின் வடிவத்தை யோசிப்பதற்கு முன்பே, தந்திகளின் நுனியைப் பிடித்து வைத்திருக்கும் தலையின் வடிவத்தை முடிவு செய்துவிட வேண்டும். நெக்குக்கு, அதாவது விரல் வைத்து வாசிக்கும் கழுத்துக்கு, எவ்வளவு தடிமனான மரம் தேவை என்பதைத் தலைதான் தீர்மானிக்கிறது. கிப்சன் நிறுவனம் 1952-இல் வெளியிட்ட லெஸ் பால் கிட்டாரைப் போலப் பக்கத்துக்கு மூன்று டியூனர் (தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகு) வைத்துத் தலையைப் பின்னோக்கிச் சாய்ப்பது ஒரு முறை. ஃபெண்டர் நிறுவனம் 1954-இல் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரைப் போலத் தலையைச் சாய்க்காமல் விட்டு, ஆறு டியூனர்களையும் ஒரே வரிசையில் நிறுத்துவது மற்றொன்று. நான் இப்போது செய்வது இரண்டாவதைத்தான். அதன் பக்கமே நின்று எழுதுகிறேன்.

பார்வைக்குச் சாய்ந்த தலையே அழகு, அதில் விவாதம் இல்லை. புனலூர்ப் பக்கத்திலிருந்து வந்து கேட்கும் தேவாலயப் பாடகர் குழுவினரில் பலரும் முதலில் கைவைப்பது அதன்மீதுதான். ஒலியில் வேறுபாடு உண்டா என்று கேட்டால், உறுதியாகச் சொல்லும் அளவுக்கு என் காதுக்கு எதுவும் பிடிபடவில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது முறிவுதான். நெக்கையும் தலையையும் ஒரே கட்டையிலிருந்து 17 டிகிரி சாய்வில் வெட்டினால், மரத்தின் நார் நெக்கின் நீளத்தில் ஓடுகிறதே தவிரத் தலையின் நீளத்தில் ஓடுவதில்லை. தலையின் கனம் 14 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு நாரும் ஏறக்குறைய 48 மில்லிமீட்டர் தூரம் மட்டுமே தலைக்குள் ஓடி மேற்பரப்பில் அறுபட்டு நின்றுவிடும். அதே இடத்தில், நட்டுக்குச் (நெக் முடிந்து தலை தொடங்கும் இடத்தில் தந்திகளைத் தாங்கும் பள்ளமிட்ட பட்டை) சற்றுப் பின்னால், நெக் வளையாமல் காக்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகக் கம்பியின் திருகுக்காகவும் மரத்தைக் குடைந்து எடுக்கிறோம். ஆகவே சுவரில் சாய்த்து வைத்த கிட்டார் மல்லாக்க விழுந்தால் வேறெங்கும் உடையாமல் சரியாக அங்கேதான் உடைகிறது. கிப்சனே 1960-களின் நடுவில் சாய்வை 14 டிகிரியாகக் குறைத்தது. பின்னர் நெக்கின் பின்புறத்தில் திமில் போன்ற ஒரு புடைப்பையும் சில காலம் சேர்த்தது. நேர்த்தலையில் நார் அறுபடாமல் நெக்கிலிருந்து தலையின் நுனிவரை ஓடுவதால் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

மரச்செலவும் இதோடு சேர்ந்ததே. 180 மில்லிமீட்டர் நீளமுள்ள தலையை 17 டிகிரி சாய்த்தால் கட்டையின் கனம் 65 மில்லிமீட்டரைத் தாண்டும். நேர்த்தலைக்கு ஓர் அங்குலப் பலகை போதும். கன அடிக்கு விலை பேசும் ஊரில் இது சின்ன வேறுபாடு அல்ல. தலையைத் தனியே வெட்டிச் சரிவாக ஒட்டினால் மரமும் மிஞ்சும், நாரும் சரியான திசையில் ஓடும் என்பது உண்மைதான். ஆனால் இங்கே எளிதில் கிடைப்பது தேக்கு. அதன் எண்ணெய்ப் பசை ஒட்டுப்பசையைப் பிடிக்க விடாது. ஒட்டுவதற்குச் சற்று முன் தின்னரால் துடைத்தே ஆக வேண்டும். ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரல் இறங்கும் ஆனி, ஆடியில் வெள்ளைப் பசை காயவும் தாமதமாகும். மகாகனியில் இந்தத் தொல்லை குறைவு.

தந்தியின் பாதையிலும் நேர்த்தலைக்கே கூடுதல் மதிப்பெண். லெஸ் பால் வகைத் தலையில் மூன்றாம், நான்காம் தந்திகள் நட்டைத் தாண்டியதும் வெளிப்பக்கம் வளைகின்றன. மூன்றாம் தந்தி அடிக்கடி சுருதி விலகுவதற்கு நட்டில் ஏற்படும் இந்த உராய்வு ஒரு முக்கியக் காரணம். ஆகவே நான் வடிவத்தை வரைவதற்கு முன்பே நட்டின் ஆறு பள்ளங்களிலிருந்தும் நேர்க்கோடுகளை இழுத்துவிடுகிறேன். டியூனர் தண்டின் விட்டம் 6 மில்லிமீட்டர் என்றால், துளையின் மையத்தைக் கோட்டிலிருந்து டியூனரைத் திருகும் பிடி இருக்கும் பக்கமாக 3 மில்லிமீட்டர் தள்ளிக் குறிக்க வேண்டும். தந்தி தண்டின் பக்கவாட்டில்தானே சுற்றுகிறது. துளைகளுக்கிடையே 25 மில்லிமீட்டர் விட்டால் டியூனர்கள் ஒன்றோடொன்று முட்டுவதில்லை. இவை நிலைத்த பிறகு, பிளைவுட் அச்சு ஒன்றை வெட்டி நெக்கின்மேல் வைத்து, தள்ளி நின்று பார்த்து, அரத்தால் சிறிது சிறிதாக வளைவைத் திருத்துகிறேன். ஃபெண்டரின் வடிவத்தை அப்படியே பிரதி எடுப்பதில்லை. அந்த வடிவங்கள் அமெரிக்காவில் வணிகக்குறியாகப் பதிவு பெற்றவை.

நேர்த்தலையின் குறை, முதலிரண்டு தந்திகள் நட்டிலிருந்து தொலைவில் முடிவதால் அவை நட்டின்மேல் போதுமான அளவு அழுந்துவதில்லை என்பதே. அவற்றைக் கீழே அழுத்தச் சிறு கொக்கி வைத்தால் அங்கே புதிய உராய்வு பிறக்கிறது. தண்டின் உயரம் படிப்படியாகக் குறையும் டியூனர் தொகுதி வாங்கினால் கொக்கியை விலக்கிவிடலாம், ஆனால் விலை கூடும். ஒரு பக்கம் நான்கும் மறுபக்கம் இரண்டுமாக வைக்கும் மியூசிக் மேன் நிறுவனத்தின் முறையில் எனக்குக் கைப்பழக்கம் குறைவு. தலை குட்டையாவது அதில் கண்கூடு.

சாய்ந்த தலைதான் வேண்டும் என்று வாடிக்கையாளர் பிடிவாதமாக இருந்தால் மறுப்பதில்லை. சாய்வு 10 டிகிரிக்குள், மரம் மகாகனி, தலை தனியே ஒட்டியது, நட்டின் பின்னால் புடைப்பு, நடுத்தந்திகள் நேராகச் செல்லும்படி நுனி நோக்கிக் குறுகும் வடிவம் என்ற நிபந்தனைகளோடு, கூடுதல் வேலைக்கான கூலியையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.