மூங்கிலா, கண்ணாடி இழையா, கார்பனா: கையால் ராடு கட்டுபவருக்கு எது சோறு போடும்?

சொந்தக் கையால் மூன்று நான்கு மீன்பிடி ராடு கட்டி முடித்தவர்களுக்கு ஓர் ஆசை வந்துவிடும்: இதையே சிறு தொழிலாகச் செய்தால் என்ன? அப்புறம் வரும் கேள்வி, எந்த பிளாங்க்கில் இறங்குவது. பிளாங்க் என்றால் தூண்டில் நூல் ஓடும் வளையமும் கைப்பிடியும் ஏறாத வெறும் கோல். கார்பன், கண்ணாடி இழை, பிளந்த மூங்கில் என்று மூன்று சாதி.

இணையத்தில் தேடினால் எது தூரம் வீசும், எது இலேசு என்று பக்கம் பக்கமாகக் கிடைக்கும். அது மீன் பிடிப்பவரின் கேள்வி. கட்டுபவரின் கேள்வி வேறு: இந்தக் கோலுக்குள் என் கை எவ்வளவு தூரம் நுழைய முடியும்? அந்த நேரத்துக்குக் காசு கொடுக்க ஆள் இருக்கிறதா? நான் அந்தக் கண்ணோடுதான் மூன்றையும் பார்க்கிறேன்.

கார்பனில் தொடங்குவோம். கதவைத் தட்டும் பத்துப் பேரில் பெரும்பாலோர் கேட்பது அதைத்தான்.

கார்பன் பிளாங்க் நம் பட்டறையில் பிறப்பதில்லை. பிசின் ஊறிய கார்பன் துணியை ஒருபக்கம் சிறுத்த நீண்ட கொடித்துணி மாதிரி வெட்டி, நுனி நோக்கிச் சிறுக்கும் எஃகுத் தண்டின்மேல் உருட்டி, மேலே நாடாவை இறுக்கிச் சுற்றி, அடுப்பில் வேகவைத்து, தண்டை உருவி எடுக்கிறார்கள். சில பிளாங்க்குகளில் நாடா பதிந்த வரிகளைத் தேய்க்காமல் விட்டிருப்பார்கள். புதிதாக வாங்குபவர் அதைக் குறை என்று நினைத்துத் திருப்பி அனுப்புவார். அது குறையல்ல, தேய்க்காத பிளாங்க். அவ்வளவுதான்.

ஆக, எங்கே வளையும், எவ்வளவு விறைப்பு என்பதெல்லாம் தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடுகிறது. மிச்சம் நமக்கு என்ன? நிறையவே இருக்கிறது.

துணியை உருட்டும்போது அதன் ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடத்தில் பிளாங்க்குக்கு ஒரு முதுகெலும்பு உண்டாகும். ஒரு முனையை மேசையில் ஊன்றி, நடுவில் விரலால் அழுத்தி உருட்டினால், கோல் தானாகத் துள்ளி ஒரு பக்கமாகப் போய் நிற்கும். அந்தப் பக்கத்தைப் பார்த்து வளையம் வைக்க வேண்டும் என்று ஒரு கூட்டம், முதுகெலும்பை மறந்துவிட்டு நேராகத் தெரியும் பக்கத்தைப் பார் என்று இன்னொரு கூட்டம். நான் இரண்டாவது கூட்டம். வாடிக்கையாளர் ராடைக் கையில் வாங்கியதும் செய்யும் முதல் காரியம், ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோல் நேராக இருக்கிறதா என்று பார்ப்பதுதான்.

அடுத்தது வளையங்கள். அடிக்கு ஒன்று, மேலே ஒன்று என்று ஒரு நாட்டுக் கணக்கு சொல்வார்கள். அது தொடங்குவதற்கு மட்டும். வளையங்களை ஒட்டுநாடாவால் தற்காலிகமாக நிறுத்தி, ரீலைப் பூட்டி, நூலைக் கோத்து, நுனியில் பாரம் கட்டிக் கோலை வளைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு வளையங்களுக்கு நடுவில் நூல் கோலின் வளைவோடு போகாமல் வெடுக்கென்று முறிந்து திரும்பினால், அங்கே ஒரு வளையம் நகர வேண்டும் அல்லது கூட வேண்டும். ஆயிரக்கணக்கில் கட்டும் தொழிற்சாலை ஒரே அளவுப் பட்டியலை எல்லாக் கோலுக்கும் போடுகிறது. நாம் இந்தக் கோலுக்கு, இந்த ரீலுக்கு, இந்த நூலுக்கு என்று வைக்கிறோம். ஸ்பின்னிங் ரீல் என்றால் ஸ்பூலின் (நூல் சுற்றியிருக்கும் உருளை) அகலம் தெரியாமல் முதல் வளையத்தின் அளவை முடிவு செய்ய முடியாது. அதனால் ரீலைக் கொண்டுவராத வாடிக்கையாளரிடம் நான் ஆர்டர் எடுப்பதில்லை. நுனிப் பக்கத்தில் ஏறும் எடையும் அப்படித்தான். அங்கே இரண்டு கிராம் குறைத்தால், வீசி நிறுத்திய பிறகு கோல் ஆடி அடங்கும் வேகத்தில் கைக்கே வித்தியாசம் தெரியும்.

ரீல் கோலின் மேல்பக்கம் உட்காரும் காஸ்டிங் ராடில் இன்னொரு வித்தை இருக்கிறது. வளையங்களும் மேலேயே இருந்தால், பெரிய மீன் இழுக்கும்போது கோல் கையில் முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். வளையங்களைப் படிப்படியாகச் சுற்றிக் கீழ்ப்பக்கம் கொண்டுபோனால் அந்த முறுக்கு அடங்கிவிடும். கடையில் தொங்கும் ராடில் இதை அரிதாகத்தான் பார்க்கலாம். பார்க்கிறவர் "என்ன, கோணலாகக் கட்டியிருக்கிறார்கள்" என்று நகர்ந்துவிடுவார். நேரில் வந்து கேட்கிற ஆளுக்கு மட்டும் விளக்கிச் சொல்லிக் கட்டிக் கொடுக்கலாம். தனியாள் பட்டறைக்கு இதைவிட நல்ல விளம்பரம் எனக்குத் தெரியாது.

கார்பனின் தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. கார்பன் இழையின் விறைப்பு சாதாரண ரகத்திலேயே சுமார் 230 கிகாபாஸ்கல். கண்ணாடி இழைக்கு 70 சொச்சம்தான். எடையும் கார்பனுக்குக் குறைவு. அதனால் மெல்லிய சுவரோடு, இலேசாகச் செய்ய முடிகிறது. மெல்லிய சுவர் என்றால், ஈயக்குண்டு ஒரு தடவை மோதிய சின்னக் காயம் போதும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மூன்று மாதம் கழித்து, கையளவு மீனுக்கு 'டப்'. நீங்கள் கட்டிய ராடு உடைந்தது என்றுதான் ஊர் பேசும். பிளாங்க் செய்தவர்கள் புதுசு கொடுத்தாலும் வெறும் கோல்தான் வரும். வளையம், நூல், கைப்பிடி என்று அதில் போட்ட உழைப்பை யாரும் திருப்பித் தருவதில்லை. எனக்கு இது இரண்டு முறை நடந்த பிறகுதான், உடைந்தால் எது யார் செலவு என்று முன்பணம் வாங்கும்போதே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கும் பழக்கம் வந்தது. முதல் ராடிலிருந்தே எழுதியிருக்க வேண்டும்.

இந்தத் தலைவலி இல்லாத கோல் வேண்டும் என்றால் கண்ணாடி இழை. கனம், மெதுவான வளைவு, ஆனால் அடி தாங்கும். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1940களின் கடைசியில் சந்தைக்கு வந்து, கால் நூற்றாண்டு ராஜாவாக இருந்தது. 1970களில் கார்பன் வந்து இறக்கிவிட்டது. இன்றைக்கு இதைத் தேடி வருகிறவர்கள் இரண்டு முனையில் நிற்கிறார்கள். ஒருபக்கம், படகின் பின்னால் தூண்டிலை இழுத்துப்போகும் முரட்டுக் கோல் கேட்பவர்கள். இன்னொரு பக்கம், சின்ன ஓடையில் சின்ன மீனின் துடிப்பைக் கையில் உணர வேண்டும் என்கிற ரசிகர்கள். நடுவில் ஆளே இல்லை.

கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் கண்ணாடி இழைக்கு நிகர் இல்லை. வளையத்தின் காலைக் கோலோடு சேர்த்துக் கட்டும் நூலைச் சுற்றுவதில் முதல் பத்துத் தடவை கோணலாகத்தான் வரும். பிரிக்க வேண்டும், மறுபடி சுற்ற வேண்டும். கார்பனில் கத்தி ஒரு நொடி தவறினால் கோலில் கீறல், அதோடு அந்தக் கோல் போச்சு. கண்ணாடி இழை அவ்வளவு கோபப்படாது. (எந்தக் கோலானாலும் நூலை வளையத்தின் கால்மேல் வைத்து வெட்டுங்கள், கோலின்மேல் வேண்டாம்.) இன்னொன்று, ஒளி ஊடுருவும் தேன் நிறப் பிளாங்க்கில் சாதாரண நைலான் நூலைச் சுற்றி, நிறம் காக்கும் பூச்சு போடாமல் நேராக எபாக்சி (இரண்டு திரவம் கலந்து கெட்டியாகும் பிசின்) தடவினால், நூலும் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். வெயிலில் பிடித்துப் பார்த்தால் அழகோ அழகு. அதற்காகவே வாங்குகிறவர்கள் உண்டு.

எபாக்சி பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இந்த இரண்டு வகையிலும் வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். இரண்டு குப்பியிலிருந்தும் சரிபாதி. கண்ணால் அளக்காதீர்கள், சிரிஞ்ச் வாங்குங்கள். விகிதம் பிசகினால் எத்தனை நாள் ஆனாலும் பிசுபிசுப்பு போகாது. வேகமாகக் கலக்கினால் குமிழி. பூசிய பிறகு கோலை மெதுவாகச் சுழலும் மோட்டாரில் மாட்டிவிட வேண்டும், இல்லையென்றால் ஒரே பக்கம் தொங்கிவிடும். ஒரு பூச்சு காய ஒருநாள் என்று வைத்தால், கையில் பத்து மணிநேர வேலை நாட்காட்டியில் ஒரு வாரம் ஆகிவிடுகிறது. "நாளைக்கே வேண்டும்" என்பவரிடம் முதலிலேயே முடியாது என்று சொல்லிவிடுவது நல்லது.

சரி, மூங்கில்.

இங்கே கதை தலைகீழ். கோலே உங்கள் கையில் பிறக்கிறது. மூங்கில் என்றதும் நம் ஆற்றங்கரைத் தூண்டில் குச்சி நினைவுக்கு வரும். அது முழுக் கழி. இது பிளந்து ஒட்டிய கோல். 1840களில் பென்சில்வேனியாவின் ஈஸ்டனில் துப்பாக்கி செய்துவந்த சாமுவேல் பிலிப்பி இப்படி ஒட்டிப் பார்த்தவர்களில் முன்னோடி என்பார்கள். பிறகு மெய்ன் மாநிலத்தின் ஹிராம் லெனார்ட் ஆறு பிளாச்சுகளை (பிளந்த மூங்கில் பட்டை) ஒட்டிய கோலை எந்திர உதவியோடு பெரிய அளவில் செய்து விற்றார். தொடக்கத்தில் அவர்கள் வாங்கியது கல்கத்தா மூங்கில். பின்னால் சீனாவின் குவாங்டாங் மலைப்பகுதியில் விளையும் டோன்கின் மூங்கில் அந்த இடத்தைப் பிடித்தது. காரணம் எளிது: டோன்கினில் கணு மேடு குறைவு, கழி நேர், தோலையொட்டி நார் அடர்த்தி. 1950இல் அமெரிக்கா சீனச் சரக்குக்குத் தடை போட்டதும் அந்த வரத்து நின்றது. புதிதாக வந்திருந்த கண்ணாடி இழை அந்த இடைவெளியில் புகுந்து ஓடியது.

வேலை இப்படி. கழியைப் பிளாச்சு பிளாச்சாகப் பிளக்க வேண்டும். கணுக்களைச் சூடாக்கி அமுக்கித் தட்டையாக்க வேண்டும். பிறகு எஃகுச் சட்டம். இரண்டு நீண்ட கம்பிகள், நடுவில் முக்கோணப் பள்ளம், ஐந்து அங்குலத்துக்கு ஒரு திருகாணி. திருகாணியைத் திருப்பி அந்தந்த இடத்தில் கோலின் பருமனை நிர்ணயிக்கிறோம். அதாவது, கார்பனில் தொழிற்சாலை எடுத்த முடிவை இங்கே நம் விரல் எடுக்கிறது. பள்ளத்தில் பிளாச்சை வைத்து, 60 பாகைக் கோணத்தில் இழைப்புளியால் சீவ வேண்டும். வெளித்தோல் பக்கத்தை இழைக்கவே கூடாது, பலமெல்லாம் அங்கே இருக்கிற நாரில்தான். உள்பக்கம் இரண்டு முகத்தை மட்டும். கடைசிச் சீவல்களில் பேச்சு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆறு பிளாச்சும் ஒன்றுபோல வந்து, கணுக்கள் ஒரே இடத்தில் சேராமல் முன்பின்னாக அடுக்கி, பசை தடவி, நூலால் இறுக்கிக் கட்டி, காய்ந்தபின் பிரித்துப் பார்த்தால் அறுகோணக் கோல் ஒன்று இருக்கும். ஒட்டிய கோடு கண்ணுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் உங்களுக்குத் தூக்கம் வராது.

அதற்குப் பிறகும் உலோக இணைப்பு, பட்டு நூல், குழாயில் வார்னிஷை நிரப்பிக் கோலை மூழ்கடித்து ஆமை வேகத்தில் மேலே இழுப்பது என்று பாக்கி இருக்கிறது. ஒரு மூங்கில் ராடுக்கு எனக்கு 50 மணிநேரத்துக்குக் கீழே ஒருநாளும் வந்ததில்லை. அதே நேரத்தில் நான்கைந்து கார்பன் ராடு கட்டிவிடுவேன். ஐந்து மடங்கு விலை கொடுக்கும் ஆள் இல்லாமலில்லை. ஆனால் அவர் உங்கள் பத்தாவது ராடுக்குக் கொடுக்க மாட்டார், நாற்பதாவதுக்குக் கொடுப்பார். முதல் முப்பத்தொன்பதையும் எந்த வருமானத்தில் செய்வீர்கள்?

ஆகவே என் கணக்கு இதுதான். விரல் பழகும் வரை கண்ணாடி இழை. விற்க கார்பன், அதுவும் கடை ராடு போலவே ஒன்றைக் கட்டி விலையில் மோதாமல், கடையில் கிடைக்காததை மட்டும்: விரல் மூட்டுவலிக்காரருக்குப் பருத்த கைப்பிடி, முன்கை நீளத்துக்கு வெட்டிய அடிப்பாகம், சுற்றி இறங்கும் வளையங்கள். இறகு பதிப்பு, பின்னல் வேலை மாதிரி அலங்காரமெல்லாம் கேட்டால் செய்யுங்கள், மணிக்கணக்கில் கூலி வாங்கிக்கொண்டு. கேட்காதவர் ராடில் காட்டாதீர்கள். எனக்கே அந்தப் பழக்கம் போக நாளாயிற்று. மூங்கில், ஞாயிற்றுக்கிழமைக்கு. மூங்கில் பிரியர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள், தெரியும்.

இந்த மூன்றிலும் சேராத நான்காவது ஒன்று இருக்கிறது: ரிப்பேர். யாரும் இதைக் கனவு கண்டு தொழிலுக்கு வருவதில்லை. உடைந்த நுனி வளையம் மாற்ற இருபது நிமிடம். சூடு காட்டிப் பழையதை உருவி, உருகும் பசையில் புதியதை நிறுத்தினால் முடிந்தது. நடு வளையத்தில் பீங்கான் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க, பஞ்சு சுற்றிய காதுக் குச்சியை உள்ளே விட்டுச் சுழற்றுங்கள். இழை மாட்டினால் விரிசல். அந்த விரிசல்தான் நூலை அறுத்திருக்கும், வாடிக்கையாளர் நூல் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருப்பார். காரணத்தைக் காட்டிச் சரிசெய்து கொடுத்தால், அடுத்த ராடை உங்களிடம்தான் கட்டக் கொடுப்பார். என் ஆர்டர்களில் பாதிக்கு மேல் வந்தது இந்தக் காதுக் குச்சி வழியாகத்தான்.

இந்த வாரம் மேசையில் ஒன்பது ராடு இருக்கிறது. ஆறு ரிப்பேர், இரண்டு கார்பன், ஒன்று நண்பர் மகனுக்குக் கண்ணாடி இழை. மூங்கில் பிளாச்சுகள் நான்கு இழைத்து முடித்து மூலையில் தொங்குகின்றன. இன்னும் இரண்டு பாக்கி, போன மழைக்காலத்திலிருந்து.