கதை எழுதும்போது காதில் என்ன ஓடலாம்? வெள்ளவத்தையிலிருந்து ஒரு நீண்டகால அனுபவம்

கதை எழுதும்போது இசை கேட்பது உதவுமா என்று கேட்டால் உதவும் என்றுதான் சொல்வேன். ஆனால் தமிழில் எழுதுகிறவருக்கு, அதுவும் கொழும்பில் இருந்து எழுதுகிறவருக்கு, எந்த இசை, எழுத்தின் எந்தக் கட்டத்தில் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள ஒரு ஒழுங்கையில் இருந்து பல வருடங்களாகச் சிறுகதைகள் எழுதி, இப்போது ஒரு நாவலும் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு பக்கம் பஸ் ஹோர்ன், மற்றப் பக்கம் கரையோர ரயில், நடுவில் எப்போதும் ஏதாவது ஒரு தொடர்மாடி கட்டிக்கொண்டிருப்பார்கள். அந்தச் சத்தத்தை மறைக்கத்தான் முதலில் ஹெட்போன் வாங்கினேன்.

வரிகள் உள்ள பாட்டு. உரையாடல் எழுதும்போது தமிழ்ப் பாட்டு வேண்டவே வேண்டாம். பாத்திரம் பேச வேண்டிய இடத்தில் பாடலாசிரியர் பேசத் தொடங்கிவிடுவார். பிரித்தானிய உளவியலாளர் அலன் பாட்லியும் கிரஹாம் ஹிட்சும் 1974இல் செயல்நினைவு, அதாவது ஒரு வேலையைச் செய்யும்போது தேவையானதைக் கொஞ்ச நேரம் மனதில் வைத்திருக்கும் நினைவு, பற்றி ஒரு மாதிரியை முன்வைத்தார்கள். அதன்படி சொற்களை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக் கொஞ்ச நேரம் வைத்திருப்பதற்கென்று தனி ஏற்பாடு இருக்கிறது, காதில் விழும் பேச்சும் அதே இடத்துக்குள்தான் நுழைகிறது. பிறகு 1989இல் சலாமேயும் பாட்லியும் வெளியிட்ட ஆய்வில், எண்களை வரிசையாக நினைவில் வைத்துக்கொள்ளும் வேலையை வாத்திய இசையை விடக் குரலுடன் கூடிய இசைதான் அதிகம் குழப்பியது. கதை எழுதுவது எண்களை ஒப்பிப்பது மாதிரி இல்லைதான், ஆனாலும் ஒரு வசனத்தின் முதல் பாதியை மனதில் பிடித்துக்கொண்டு அடுத்த பாதியைத் தேடும் வேலைக்கும் அந்த இடம்தானே வேண்டும்.

கொழும்பில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். இங்கே வளர்ந்தவர்களுக்குத் தமிழோடு சிங்களமும் ஆங்கிலமும் காதில் விழுந்தவுடனே விளங்கும், ஆக மூன்று மொழிப் பாட்டும் ஒரேயடியாகக் கழிந்துபோகிறது. சிங்களப் பாடகர் அமரதேவ பாடினால் நான் எழுதுவதை விட்டுவிட்டுக் கேட்கத் தொடங்கிவிடுவேன், அந்தக் குரலைப் பின்னணியில் வைப்பதே சரியாகப் படவில்லை. எனக்கு மிஞ்சுவது விளங்காத மொழிகள். தெலுங்குக் கீர்த்தனைகள் நன்றாகவே ஒத்துப்போகின்றன, முக்கியமாக எம். டி. ராமநாதன் ஆறுதலாகப் பாடுபவை. அதே கச்சேரியில் ஒரு தமிழ்ப் பாட்டு வந்துவிட்டால் கை நின்றுவிடும்.

அப்படியென்றால் வாத்திய இசை போதுமே என்பீர்கள். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். நமக்கு வரியில்லாத இசை என்பது மிகக் குறைவு. புல்லாங்குழலில் ஒரு பழைய சினிமாப் பாட்டை வாசித்தால் வரிகள் தானாகவே மனதில் ஓடும், குரல் இல்லாததால் நாமே பாடிக்கொண்டிருப்போம், அது இன்னும் மோசம். எங்கள் ஒழுங்கைக்குப் பாண் விற்க வரும் சூன்பாண் ஓட்டோ பீத்தோவன் 1810இல் எழுதிய 'ஃபூர் எலீஸ்' மெட்டைப் போட்டுக்கொண்டு வரும், அதில் ஒரு சொல்லும் கிடையாது, ஆனால் கேட்டவுடனே பாண், மீன் பணிஸ், இறங்கி ஓடு என்றுதான் மண்டைக்குள் கேட்கிறது. மற்ற ஊரில் யாராவது அதைப் போட்டுக்கொண்டு நாவல் எழுதலாம், கொழும்பில் முடியாது.

உண்மையாகவே சொல்லில்லாத இடம் கர்நாடக இசையில் ராகத்தை மட்டும் விரித்துக்கொண்டு போகும் ஆலாபனை. தாளமும் இல்லை, அதனால் வாக்கியத்தை வேகப்படுத்தாது. வீணை எஸ். பாலச்சந்தரின் நீண்ட ஆலாபனைகள் வர்ணனைப் பகுதிகளுக்கு எனக்கு மிகவும் உதவியிருக்கின்றன. டி. என். ராஜரத்தினம்பிள்ளையின் தோடி அதற்குச் சரிவராது, நாதஸ்வரம் அவ்வளவு பலத்தோடு வந்தால் அதைக் கேட்கத்தான் வேண்டும், வேறு வேலை நடக்காது. இளையராஜாவின் 1986ஆம் ஆண்டு வாத்திய இசைத்தொகுப்பு 'ஹவ் டு நேம் இட்' ஒரு நல்ல விதிவிலக்கு. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் ஜே. எஸ். பாஹுக்கும் காணிக்கையாக்கியது, வி. எஸ். நரசிம்மனின் வயலின், மெட்டோடு ஒட்டிய தமிழ் வரிகள் எதுவும் மனதில் கிடையாது. ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் கொஞ்ச நேரத்தில் அது கேட்காமலே போய்விடும், வெளியிலிருக்கும் சத்தமும் சேர்ந்து போய்விடும், எழுத்து மட்டும் நடக்கும். அடுத்து என்ன வரப்போகிறது என்று காது காத்திருக்காமல் இருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

தாளம் வேண்டிய இடங்களும் உண்டு. ஆடிவேல் திருவிழாவின் ரதம் கொழும்புச் செட்டியார் தெருவில் இருந்து புறப்பட்டு காலி வீதியால் வரும் ஒரு அத்தியாயத்தை எழுதும்போது யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில் பதிவுகளை வைத்திருந்தேன். வாக்கியங்கள் குறுகின, எழுவாய் இல்லாமலே வினை வந்து விழுந்தது, சனக்கூட்டம் தானாகவே உள்ளே வந்துவிட்டது. அதே தவிலோடு அடுத்த அத்தியாயத்துக்குப் போனால், இரண்டு பெண்கள் சமையலறையில் கதைத்துக்கொண்டிருக்கும் காட்சி, அவர்களும் ஏதோ அவசரத்தில் இருப்பவர்கள் போலக் கதைக்கிறார்கள். அதனால் காட்சி மாறும்போது இசையையும் நிறுத்திவிட்டு, கொஞ்சம் எழும்பி நடந்துவிட்டு வருவேன்.

இனி, இத்தனை வருடப் பாவனையில் நான் கண்ட பெரிய ஆபத்து. இசை எழுத்துக்கு ஒரு சோகத்தைக் கடன் கொடுக்கும். கனடாவுக்குப் போகும் மகனின் சூட்கேசைத் தாய் பூட்டுகிறாள் என்று ஒரு வரி. காதில் வீணை அழுதுகொண்டிருக்கும்போது அந்த வரியே போதும், அதைப் படித்து எழுதியவருக்கே கண் கலங்கும். ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் படித்தால் அங்கே ஒரு சூட்கேஸ் மட்டும்தான் இருக்கும். வாசகருக்கு அந்த வீணை கிடைக்கப்போவதில்லை. அவள் பூட்டிய பிறகு திரும்பத் திறந்து மிளகாய்த்தூள் பொட்டலத்துக்கு இன்னொரு பை போடுகிறாள் என்ற விவரத்தை நாம்தான் தேட வேண்டும், இசை அதைத் தேடவிடாமல் செய்துவிடும், ஏற்கெனவே எல்லாம் கிடைத்துவிட்ட மாதிரி ஒரு நிறைவைத் தந்துவிடும். ஆகவே முதல் வரைவுக்கு இசை, திருத்துவதற்கு ஒன்றுமே கிடையாது. விடிய எழும்பி வாய்விட்டுப் படிப்பேன். ரயில் சத்தம் குறுக்கே வந்தாலும் பரவாயில்லை, ரயில் எந்த வசனத்தையும் நல்லதாகக் காட்டாது.

எழுதும் நேரத்தில் கேட்காமல், எழுதுவதற்கு முன்னால் கேட்பதற்கென்றும் சில இசைகளை வைத்திருக்கிறேன். நாவலின் ஒரு பகுதி அறுபதுகளில் நடக்கிறது, வீட்டில் வானொலிதான் எல்லாம், இலங்கை வானொலி 1967இல் கூட்டுத்தாபனமாக மாறிய காலம். அந்தக் காலத்துப் பாட்டுகளை அரை மணித்தியாலம் கேட்டுவிட்டு நிறுத்திவிட்டு எழுதினால் மனிதர்களின் மரியாதைச் சொற்கள்கூட மாறி வருகின்றன. இது எனக்கு மிகப் பிடித்த முறை. மோட்சார்ட் கேட்டால் மூளை கூர்மையாகும் என்று சொல்லித் தருபவர்களை நம்பி ஒன்றையும் வாங்க வேண்டாம், 1993இல் வந்த அந்த ஆய்வு இடம்சார்ந்த புதிர்களைப் பற்றியது, அந்தப் பலனும் சில நிமிடங்களுக்குத்தான்.

கருவிகளைப் பற்றி. சத்தம் நீக்கும் ஹெட்போன் பஸ் இஞ்சின், ஜெனரேட்டர், மின்விசிறி போன்ற ஒரே சீரான தாழ்ந்த ஒலியை நன்றாக அடக்கும், ஹோர்னையும் பக்கத்து வீட்டுப் பேச்சையும் அவ்வளவாக அடக்காது, இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். எங்கள் ஈரக்காற்றில் காதுறையின் செயற்கைத் தோல் உரிந்து கறுப்புத் துகளாகக் கொட்டும், துணி உறை நீண்ட நாள் தாங்குகிறது, வியர்வையும் குறைவு. காதுக்குள் செருகும் இயர்போனை இந்த வெக்கையில் மணிக்கணக்காக வைத்திருந்தால் காது அரிக்கும், இடையிடையே கழற்றுங்கள். ஒலியளவுக்கு உலக சுகாதார அமைப்பு சொல்லும் அளவு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணித்தியாலம். போனிலேயே உச்ச அளவைப் பூட்டிவைக்கலாம்.

செயலியில் தானாக அடுத்த பாட்டுக்குப் போகும் வசதியை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் ஆலாபனை முடிந்த கையோடு சினிமாப் பாட்டு வந்து நிற்கும். இலவசக் கணக்கு என்றால் நடுவில் விளம்பரம், அதுவும் நமக்கு விளங்கும் மொழியில். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியபோது ரவுட்டர் செத்துவிட்டது, போனில் இறக்கிவைத்திருந்த பதிவுகள்தான் கைகொடுத்தன. அதற்குப் பிறகு ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தனிக் கோப்புறை, அதற்குள் ஒரே ஒரு பதிவு. இப்போது ஓடுவது பாலச்சந்தர், இந்த அத்தியாயத்தின் முதல் வரைவு முடியும்வரை அதை மாற்றமாட்டேன்.